பேட்டரிக்காக ஒரு சத்தியம்

தில்லைநாயகம் பிள்ளைக்குச் சந்தேகம் என்பது காய்ச்சல் மாதிரி வந்துபோகிற சமாசாரம் இல்லை. மூக்கு, காது மாதிரி கூடவே பிறந்தது. பாளையங்கோட்டையில் அவருக்குப் பாத்திர வாடகைக் கடை. கல்யாணம், சடங்கு, பால்காய்ச்சு என்று சுற்றுவட்டாரத்தில் எங்கே பந்தி போட்டாலும் அண்டாவும் ஜமுக்காளமும் இரும்பு நாற்காலியும் அவர் கடையிலிருந்துதான் போகும். எல்லாக் கடைக்காரர்களும் பாத்திரத்தின் விளிம்பில் பெயர் வெட்டி வைப்பார்கள். இவரும் வெட்டியிருந்தார். ஆனால் பெயரை எவனாவது அராவிவிட்டால்? அதற்காக அடிப்பக்கத்தில், தேடினாலும் அகப்படாத ஓர் இடத்தில், ஆணியால் சின்னதாக ஒரு ‘தி’ கீறி வைத்திருப்பார். பாத்திரம் திரும்பி வந்ததும் கடையின் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அந்தக் குறியைத் தேடுவார். கடை ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு கரண்டிகூட மாறி வந்ததில்லை. அதனால் மனசு ஆறிவிட்டதா என்றால், அதுதான் இல்லை. இத்தனை நாணயமாக இருக்கிறார்களே, இதில் என்னவோ இருக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றும்.

சாமான் ஏற்றிப்போக ஒரு பழைய டீசல் பிக்கப் வைத்திருந்தார். இரண்டு மூன்று கை மாறி அவரிடம் வந்து சேர்ந்த வண்டி. அதை ஓட்டியது அவர் மனைவி கோமுவின் தம்பி மகேஷ். வள்ளியூர்க்காரன். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவான். வண்டி ஓட்டுவான், அண்டாவைத் தோளில் தூக்கி இறக்குவான், சாம்பார் வாளி குறைகிறது என்று கல்யாண வீட்டில் யாராவது கத்தினால் சிரித்துப் பேசி அமர்த்துவான். சம்பளக்காரனாக அவன் வரவில்லை, அக்காவுக்காக வந்தான். கோமுவுக்கும் அவனை விட்டால் பிறந்த வீடு என்று சொல்ல வேறு நாதி கிடையாது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, தை பிறந்தால் கரும்பும் மஞ்சள்குலையும் அரிசியுமாகப் பொங்கல்படி சுமந்துகொண்டு வாசலில் வந்து நிற்கிற ஒரே ஆள் அவன்தான். அன்றைக்கு ஒரு நாள் முழுக்க கோமுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இப்படிப்பட்ட மச்சினன் மேல் என்ன சந்தேகம் வரும் என்று கேட்கலாம். வந்ததே.

அந்த வருஷம் வண்டிக்கு எஃப்.சி., அதாவது ஓடத் தகுதியானது என்கிற சர்ட்டிபிகேட், வாங்க வேண்டியிருந்தது. எஃப்.சி. என்றால் இங்கே வண்டி ஓடுகிறதா என்பது அப்புறம், முதலில் பளபளவென்று இருக்க வேண்டும். மேலே கீழே எல்லாம் பெயிண்ட் அடித்துப் புதுமாப்பிள்ளை மாதிரி கொண்டுபோய் நிறுத்தினால்தான் பார்க்கிறவர் முகம் கொடுத்துப் பேசுவார். பெயிண்டரிடம் விடலாம் என்று மகேஷ் சொன்னான். தில்லைநாயகம் கேட்கவில்லை. பெயிண்டர் தின்னரை ஊற்றி நீர்த்துவிடுவான், பாதி டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவான், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பிரஷ்ஷைக் காட்டவே மாட்டான் என்பது அவர் கட்சி. தாமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். அவர் செய்தால் சுத்தமாகத்தான் செய்வார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறுக்கே வந்த பட்டை, ஒயர், போல்ட் எல்லாவற்றையும் கழற்றி, அதன் அடியிலும் கறுப்புப் பெயிண்டை இழுத்து, காய்ந்தபின் மறுபடி இழுத்து, திரும்ப மாட்டினார். எஃப்.சி. ஆபீசில் ஒருத்தர் குனிந்து பார்த்துவிட்டு, “அடியில கூட முகம் தெரியுதே” என்றார். அந்தப் பேச்சைத் தில்லைநாயகம் கடைக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அடுத்த மாதமே வண்டிக்குச் சீக்கு கண்டது.

முதலில் காலையில் ஸ்டார்ட் பண்ண செல்ஃப் அடிக்கும்போது ஒரு முனகல். பிறகு முனகலும் போய், டிக் என்று ஒரு சத்தம் மட்டும். ஹெட்லைட் வெளிச்சம் மஞ்சளாகச் சோர்ந்தது. இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள், செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் பேயறைந்த மாதிரி துள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டது. பேட்டரியோ போன தீபாவளிக்குத்தான் புதிதாகப் போட்டது. அதைச் சார்ஜுக்குப் போட்டு எடுத்து வந்தால் ஒரு நாள் ஓடும், இரண்டாம் நாள் பழைய குருடிதான். மகேஷும் கடைப் பையன்களும் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டியிருந்தது.

சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணம். விடிந்தால் முகூர்த்தம். அண்டாக்களை ஏற்றிக்கொண்டு மகேஷ் அதிகாலையில் புறப்பட்டவன், முக்கால்வாசி வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியிருக்கிறான். அதற்குப் பிறகு அது கிளம்பவில்லை. தள்ள ஆளில்லாத வயல்காடு. மாட்டுவண்டி ஒன்றைப் பிடித்து அண்டாவைக் கொண்டு சேர்ப்பதற்குள் அங்கே பந்தி நேரம் தவறிப்போயிற்று. பெண் வீட்டார் கடைக்கே வந்து, நாலு பேர் பார்க்க, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போனார்கள். தில்லைநாயகம் கல்லாவுக்குப் பின்னால் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அவமானம் அவருக்குள் இறங்கி, வழக்கம்போலச் சந்தேகமாகத் திரிந்தது.

புது பேட்டரி எப்படிச் சாகும்? சாகாது. அப்படியானால் இது புது பேட்டரி இல்லை.

பாத்திரங்களைப் போலவே பேட்டரியின் ஓரத்திலும் அவர் ரகசியமாக ஒரு ‘தி’ கீறியிருந்தார். அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து பானெட்டைத் திறந்து குனிந்தார். அந்த இடத்தில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்ததே தவிர, குறியைக் காணோம். விரலால் தடவினார், காணோம். பானெட்டைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றார். துக்கமா என்றால் முழுக்கத் துக்கம் இல்லை. இத்தனை வருஷம் தேடிய திருடன் கடைசியில் அகப்பட்டுவிட்டானே என்று ஒரு திருப்தியும் அதில் கலந்திருந்தது.

அதற்கப்புறம் எல்லாமே ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொண்டது. பேட்டரியைச் சார்ஜுக்குக் கொண்டுபோனது யார்? மகேஷ். வள்ளியூரில் நல்ல பாத்திர வாடகைக் கடை ஒன்றுகூட இல்லை அத்தான் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னது யார்? மகேஷ். பாத்திரக் கடைத் தெருவில் அண்டா விலை விசாரித்துக்கொண்டு நின்றதாக ஒருத்தர் வந்து சொன்னது யாரைப் பற்றி? மகேஷைப் பற்றித்தான். புது பேட்டரியை விற்றுவிட்டுப் பழசைப் போட்டிருக்கிறான். வண்டியைப் படுக்க வைத்து, கடைப் பெயரைக் கெடுத்து, அந்த வியாபாரத்தை வள்ளியூருக்குக் கொண்டுபோகத் திட்டம். எவ்வளவு பெரிய திட்டம்! தில்லைநாயகத்துக்கு அவன் மூளையை நினைத்து ஆச்சரியமாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலமே கேட்டுவிட்டார்.

“மாப்ள, பேட்டரிய எங்கன வித்தே?”

மகேஷ் முதலில் சிரித்தான். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்திருப்பான். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“என்ன அத்தான் சொல்லுதிய? வண்டியில இருக்கது நம்ம பேட்டரிதான்.”

“நம்ம பேட்டரி எதுன்னு எனக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்? சொல்லுங்க, பாப்பம்.”

குறியைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. சொல்லிவிட்டால் நாளைக்கே ஒரு ‘தி’ கீறிக் கொண்டுவந்து காட்டிவிடுவானே!

“அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? வெள்ளிக்கிழம சாஸ்தா கோயிலுக்கு வா. சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணு. நம்புதேன்.”

உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்த கோமு டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டாள். சூடம் அணைப்பது என்றால் என்ன என்று அந்த இரண்டு வீட்டாருக்கும் தெரியும். சாமி முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னவன் பொய் சொல்லியிருந்தால் சாமி பார்த்துக்கொள்ளும். அது பெரிதில்லை. அன்று முதல் சத்தியம் வாங்கினவன் வீடும் கொடுத்தவன் வீடும் ஒன்றுக்கொன்று கைநனைக்கக் கூடாது. சாப்பாடு இல்லை, பச்சைத் தண்ணீர் இல்லை, நல்லது கெட்டதுக்குப் போய் நின்றாலும் வெறும் வாயோடு திரும்ப வேண்டும். சத்தியம் வாங்கினவன், என் பேரில்தான் தப்பு என்று தானாகப் போய் அந்த வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடித்தால்தான் அது முறியும். குடித்தவனை வீண்பழி போட்ட பாவம் சும்மா விடாது என்றும் ஒரு பேச்சு உண்டு. அதற்குப் பயந்து தலைமுறை தலைமுறையாகப் பேசாமலே கிடக்கிற வீடுகள் அவர்கள் சொந்தத்திலேயே இருந்தன.

“ஏங்க, ஒரு பேட்டரிக்கா?” என்றாள் கோமு. “அவன் ஒத்தத் தம்பி எனக்கு. எனக்குன்னு இருக்க ஒரு வாசல அடைச்சுராதிய.”

“தப்பு பண்ணலன்னா அவனுக்கு என்ன பயம்?” என்றார் தில்லைநாயகம்.

மகேஷ் அக்காவைப் பார்த்தான். பிறகு, “வாரேன் அத்தான்” என்றான்.

வெள்ளிக்கிழமை, ஆற்றங்கரைத் தோப்புக்குள் இருந்த சாஸ்தா கோயிலில், பூசாரி செங்கல் மேல் வெற்றிலையை விரித்துச் சூடத்தை ஏற்றினார். மகேஷ் குளித்து ஈரவேட்டியோடு வந்திருந்தான். “எங்க அத்தான் பேட்டரிய நான் விக்கல, மாத்தல” என்று சொல்லி ஒரே அடியில் அணைத்தான். உள்ளங்கையில் ஒட்டின கரியைத் துடைக்காமலே படியிறங்கி, பஸ் ஏறிப் போய்விட்டான். மறுநாளிலிருந்து கடைக்கு வரவில்லை. கோமு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அது தில்லைநாயகத்துக்கு நிம்மதியாக இல்லை, உறுத்தலாகத்தான் இருந்தது.

சத்தியம் வாங்கிவிட்டால் வண்டி கிளம்பிவிடுமா? அது பாட்டுக்கு டிக் என்றது. சாமி முன்னாலேயே பொய் சொல்லிவிட்டான் பாவி என்று முடிவு கட்டிக்கொண்டு, வண்டியைக் கயிறு கட்டி இழுத்து மேலப்பாளையத்துக்குக் கொண்டுபோனார். அங்கே பீர் முகம்மது என்று ஓர் எலக்ட்ரீசியன். வண்டி ஒயரிங் வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர். முன்கோபக்காரர் என்றும் பெயர்.

பீர் முகம்மது வண்டியைச் சுற்றி வந்தார். “என்ன செய்யுது அண்ணாச்சி?”

“நீரே பாத்துச் சொல்லும்வே.”

அதுதான் தில்லைநாயகத்தின் வழக்கம். டாக்டரிடம் போனாலும் எங்கே வலிக்கிறது என்று சொல்ல மாட்டார். தெரிந்தவன் என்றால் தானே கண்டுபிடிக்கட்டும். நாமாகச் சொன்னால் அதை வைத்தே கதை கட்டிக் காசு பிடுங்குவார்கள். ஒரு ஸ்டூலை இழுத்து வண்டிக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு, பீர் முகம்மதுவின் விரல்கள் போகிற இடமெல்லாம் கண்ணை அனுப்பினார். இந்த ஆளுக்கும் மகேஷுக்கும் பழக்கம் உண்டு. முன்னெல்லாம் ஒயரிங் வேலைக்கு மகேஷ் இங்கேதான் வந்துகொண்டிருந்தான். இரண்டு பேரும் கூட்டாக இருந்தால்?

பீர் முகம்மது பேட்டரியின் மூடிகளைத் திறந்து, அமிலம் இழுத்துப் பார்க்கிற குழாயை விட்டுப் பார்த்தார். “பேட்டரிக்கு ஹயாத்து நெறைய இருக்கு அண்ணாச்சி. நல்ல ஆயுசு. சார்ஜுதான் ஏறாமக் கெடக்கு. தல பூத்துப்போயிருக்கு, கழுவுதேன்.” டீக்கடையிலிருந்து கொதிநீர் வாங்கி வந்து, பூத்துக் கிடந்த முனைகளின் மேல் பைய ஊற்றினார். வெள்ளையும் பச்சையும் நுரைத்துக் கரைந்து ஓடின.

ஓரத்தில் ‘தி’ தெரிந்தது.

தில்லைநாயகம் ஸ்டூலிலிருந்து எழுந்து குனிந்தார். அவர் கீறினதுதான். சுழியை எப்போதும் கொஞ்சம் இழுத்து விடுவார், அதே இழுப்பு. அதே பேட்டரி. சூடத்தை அணைத்த கை அவர் கண் முன்னால் வந்துபோனது. அந்த நினைப்பை அவரால் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்க முடியவில்லை. அப்படியானால் டைனமோவை மாற்றியிருப்பான் என்று நினைத்தார். அல்லது செல்ஃப் மோட்டாரை. நினைத்ததும் கொஞ்சம் தேவலை போல இருந்தது.

பீர் முகம்மதுவுக்கும் செல்ஃப் மோட்டார் மேல்தான் கண். அதைக் கழற்றிப் பிரித்து, புது கார்பன் போட்டு, தரையில் காலால் மிதித்துக்கொண்டு பேட்டரியிலிருந்து நேரே கரண்ட் கொடுத்தார். அது துள்ளிக்கொண்டு சுற்றியது. வண்டியில் மாட்டிச் சாவியைத் திருகினால், டிக்.

“இதென்ன சவம்! வெளிய போட்டா குதிக்கி, உள்ள வச்சா முனங்குது.” பீர் முகம்மதுவுக்குக் கோபம் வந்துவிட்டது. பாதி நாள் வேலை வீண். “அண்ணாச்சி, வேற எதும் மாத்தம் தெரிஞ்சுதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒண்ணுமில்ல.”

“சரி, ஏறி உக்காந்து நீங்களே திருகுங்க. நான் இங்கன இருந்து பாக்கேன்.”

தில்லைநாயகம் ஏறி உட்கார்ந்து திருகினார். டிக், டிக், ஒரு முனகல். இன்ஜின் உயிர் வந்த மாதிரி உதறி, ஓடத் தொடங்கியது. “நிறுத்துங்க” என்று பீர் முகம்மது கையைக் காட்டினார். டீசல் வண்டியில் இன்ஜினை நிறுத்த ஒரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். தில்லைநாயகம் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு அந்தக் குமிழை இழுத்தார்.

பீர் முகம்மது ஜன்னலண்டை வந்தார். “துண்டு எதுக்கு?”

“அது... சுடும்.”

“எது சுடும்?”

“இந்தக் குமிழுதான். ஸ்டார்ட் பண்ணினதும் பிடிச்சா நெருப்பா சுடும். ஒரு தடவ விரலு பொத்துப்போச்சு. இன்ஜின் சூடுன்னு நெனச்சு எல்லாரும் துண்டு சுத்தித்தான் இழுக்கோம்.”

“எத்தன நாளா?”

“அது இருக்கும், ஒரு மாசமா.”

பீர் முகம்மது தலையில் கை வைத்துக்கொண்டார். “ஏன் அண்ணாச்சி, மொதல்லயே சொல்ல மாட்டியளா? பாதி நாளா என்னைய மோட்டாரப் பிரிக்க விட்டுட்டு எதுக்க உக்காந்து வேடிக்க பாத்தியளே!”

தடிமனான ஒரு கேபிளை எடுத்து வந்தார். ஒரு முனையை பேட்டரியின் மைனஸில் கவ்வவிட்டு, மறுமுனையை இன்ஜின் இரும்பில் அழுத்திப் பிடித்தார். “இப்பத் திருகுங்க.”

தில்லைநாயகம் திருகினார். தொட்டதுதான் தாமதம், வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. இன்ஜின் சூட்டு முள் துள்ளாமல் நிதானமாக நின்றது. குமிழைத் தொட்டுப் பார்த்தார், பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடந்தது.

“கரண்டு போனா மட்டும் போதாது அண்ணாச்சி, பேட்டரிக்குத் திரும்பி வரணும்,” என்றார் பீர் முகம்மது, வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்துகொண்டே. “இன்ஜின்லேருந்து சேஸுக்கு, அதான் வண்டியோட அடிச்சட்டத்துக்கு, ஒரு எர்த்துப் பட்ட இருக்கும். அது வழியாத்தான் திரும்பும். அந்த வழி அடச்சுக் கெடக்கு. அதான் கரண்டு பூராவும் இந்த ஒல்லிக் குமிழுக் கம்பி வழியா முண்டியடிச்சு வருது. சுடாம என்ன செய்யும்? சார்ஜும் இதனாலதான் ஏறல.”

அடியிலிருந்து போல்ட் கழலும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு.

“ஏ அல்லா! எர்த்துக்கு அடியில போயி பெயிண்ட் அடிச்சிருக்கானே! அதும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா. பெயிண்டத் தாண்டிக் கரண்டு எப்படிப் போவும்? கண்ணாடி மாதிரி மினுங்குது. எந்தப் பய அண்ணாச்சி இத அடிச்சான்?”

தில்லைநாயகம் வண்டிக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பீர் முகம்மது தலையை மட்டும் வெளியே நீட்டி அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்திக்கொண்டு மறுபடி உள்ளே போய், உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார்.

எந்தத் திருடனும் வரவில்லை. எந்தத் திட்டமும் இல்லை. பெயிண்டரை நம்பாமல் தாமே இழுத்த பெயிண்ட். தில்லைநாயகத்துக்கு வெட்கத்தில் காது மடல் எரிந்தது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது வேறு.

“பாய், யாரும் கேட்டா எர்த்து ஒயரு அத்துப்போச்சுன்னு சொல்லிரும்.”

“யாரு கேக்கப்போறா?”

“மகேஷ் இங்கன வருவாம்லா.”

பீர் முகம்மது கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “கேட்டா உள்ளதத்தான் சொல்லுவேன் அண்ணாச்சி. அதுக்குள்ள நீங்க போயி முந்திக்கிடுங்க.”

வீட்டுக்கு வந்து கோமுவிடம், “ஒயரு அத்துப்போயிருந்துச்சு, சரியாய்ட்டு” என்றார். பேட்டரி மாறவில்லை, நம் பேட்டரிதான் என்பதையும் பாதி விழுங்கிப் பாதி சொன்னார். கோமு அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

“வண்டிய எடுங்க. வள்ளியூருக்குப் போவோம்.”

“இன்னைக்கேயா?”

“ஆமா. நீங்களே வந்து தண்ணி வாங்கிக் குடிச்சாத்தான் முறியும். இன்னைக்குக் குடிச்சிருங்க.”

நாங்குநேரி தாண்டியாயிற்று. காற்று ஆளைத் தள்ளியது. வண்டி வெண்ணெயாக ஓடியது. தில்லைநாயகம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே ஓட்டினார். ஒயர் அறுந்துபோவது சகஜம். யார் மேலும் தப்பில்லை. அவன் மேலும் இல்லை, என் மேலும் இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டால் முடிந்தது. பாவம் என்று ஒன்று வந்தால்? ஒயர் அறுந்ததற்கு எனக்கு எதற்குப் பாவம்?

வண்டிச் சத்தம் கேட்டு மகேஷ் வெளியே வந்தான். அவன் மனைவி விஜயஸ்ரீ நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள். வாருங்கள் என்றார்கள், மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் உள்ளே போய்ச் சொம்போடு ஓடி வர வேண்டிய விஜயஸ்ரீ, நின்ற இடத்தில் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். இவ்வளவு தூரம் வெயிலில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாமல் அவள் கண் கலங்கியது. கோமு அதைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஒட்டி நின்றாள். பிறந்த வீட்டு வாசலில் விருந்தாளியாகக்கூட இல்லாமல் நிற்பது இதுதான் அவளுக்கு முதல் தடவை.

“வண்டி சரியாய்ட்டு மாப்ள,” என்றார் தில்லைநாயகம். “எர்த்து ஒயரு அத்துப்போச்சு, வேற ஒண்ணுமில்ல. பேட்டரி நம்ம பேட்டரிதான்.”

“அப்படியா அத்தான்?” மகேஷுக்கு அந்த வண்டியோடு பழகின கை. பேசிக்கொண்டே பானெட்டைத் தூக்கினான். இன்ஜின் இடுக்கு வழியாக அடிவரை குனிந்து பார்த்தான். கறுப்பாய் மினுங்குகிற சேஸில் எர்த்துப் பட்டையைச் சுற்றி மட்டும் வெள்ளி மாதிரி சுரண்டின இரும்பு. பட்டை பழையதுதான், ஓர் இழைகூட அறுபடவில்லை. அவன் அந்த இடத்தை விரலால் தொட்டான்.

“ஒயரு அறல அத்தான். இது நீங்க அடிச்ச பெயிண்டுல்லா?”

கோமு திரும்பிக் கணவனைப் பார்த்தாள். தில்லைநாயகத்துக்கு இனி எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

“ஆமா,” என்றார். “நாந்தான். தெரியாம நடந்துட்டு மாப்ள.”

“தெரியாம நடந்தது பெயிண்டு,” என்றான் மகேஷ். அவன் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. “சத்தியம் தெரிஞ்சுதான வாங்குனிய? நாங் கேட்டேன், எப்படித் தெரியும்னு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அங்கனயே தொடச்சுக் காட்டியிருப்பேன்.”

தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். பெண் வீட்டார் கடைக்கே வந்து பேசினபோதுகூட அவர் இப்படிக் கூசிப்போனதில்லை. “தப்புதான்,” என்றார். “எம்பேருல தப்பு. குடிக்கத் தண்ணி குடுங்க.” அதைச் சொன்னபோது அவர் உண்மையாகவே சொன்னார். வழியெல்லாம் பார்த்த ஒத்திகையில் அந்த வார்த்தை கிடையாது. பாவம் வந்தால் வரட்டும் என்று அந்த நிமிஷத்தில் அவருக்கு இருந்தது.

மகேஷ் விஜயஸ்ரீயைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் அசைவதற்குள் கோமு அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். அடுக்களையில் பானையில் மொள்ளுகிற சத்தம் கேட்டது. பெரிய பித்தளைச் சொம்பு நிறைய, தளும்பத் தளும்ப, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாள் உள்ளே அடைத்து வைத்திருந்த அழுகை அவள் முகத்தில் சிரிப்போடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது. தெருவில் போன ஒன்றிரண்டு பேர்கூட நின்றுவிட்டார்கள்.

“குடிங்க,” என்றாள்.

தில்லைநாயகத்துக்குத் தாகத்தில் நாக்கு ஒட்டியது. குடிக்கத்தான் வந்திருந்தார். குடிக்கத்தான் சொம்பை வாங்கினார். உதடுவரை கொண்டுபோனார். அங்கே சொம்பை ஒரு கணம் நிறுத்தி, உள்ளே பார்த்தார்.

தூசி கிடக்கிறதா என்றுதான் பார்த்தேன் என்று பின்னால் எத்தனையோ பேரிடம் சொன்னார். எதற்குப் பார்த்தார் என்று அவருக்கே தெரியாது என்பதுதான் நிஜம். கண் அதுபாட்டுக்குப் போயிற்று.

மகேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கோமு கையை நீட்டி, அவர் உதட்டருகிலிருந்து சொம்பை எடுத்தாள். அவரும் விட்டுவிட்டார். அவள் அதை அண்ணாந்து தன் வாயில் ஊற்றிக்கொண்டாள். தொண்டை ஏறி இறங்க, கழுத்தும் ரவிக்கையும் நனைய, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்து, “ராத்திரிக்கு என்னல சமையல்?” என்று கேட்டபடி, கணவனை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.